நாயை யாரிடம் விடுவது?

எனக்கு உதவ வந்த எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். "படுக்க இடம் இருக்குண்ணே, சாப்பாடு இருக்கு, குளிக்கத் தண்ணி இருக்கு. நாய மட்டும் கொண்டு வர முடியாது." சரி தம்பி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் அட்டையை விரித்துப் படுத்துவிடுவேன். என் நாய் செம்பி என் முழங்காலுக்குப் பின்னால் சுருண்டுகொள்ளும். அவர்கள் போகும்போது என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குடிகாரன், திருந்த மனசில்லை என்றிருப்பார்கள். குடித்தது உண்மை. ஆனால் நான் அவர்கள் வேனில் ஏறாததற்குக் குடி காரணம் இல்லை.

2010லிருந்து 2016 வரை மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ்டவுனின் அஞ்சடிகளில், அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதைகளில் படுத்து, ஆர்மோனியம் வாசித்துப் பிழைத்தேன். இப்போது இரவுச் சாப்பாடு கொடுக்கப் போகும் பிள்ளைகளோடு சில நாள் நானும் போகிறேன். அவர்கள் கேட்பதற்கெல்லாம் நடந்துகொண்டே பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் வெட்டினார். வெள்ளிக்கிழமை இரவு தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பார். எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை, அப்பாவின் விரலைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான். தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்த பிறகு பினாங்குக்கு வந்தேன். ஒரு மெல்லிசைக் குழுவில் பல வருஷம் வாசித்தேன். கச்சேரி முடிந்தால் கூலியோடு ஒரு போத்தலும் வரும். கீபோர்டு வந்த பிறகு ஆர்மோனியத்துக்கு அழைப்பு நின்றது. போத்தல் நிற்கவில்லை. மனைவியும் மகளும் பிரிந்து போனார்கள். அதற்குக் காரணம் நான். அதை இங்கே எழுத அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தெருவுக்கு வந்த கதையை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சூலியா ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், பலகை அடைத்துப் பிரித்த அறையில் குடியிருந்தேன். போருக்கு முன்னால் கட்டிய அந்த மாதிரி வீடுகளுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு காவல் போல இருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் காவல் போய்விட்டது. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு கடைவீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும்விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறின. 2010இல் எங்கள் வீட்டையும் விற்றார்கள். மாடியில் இருந்த ஏழு பேரில் நாலு பேருக்குப் போகச் சொந்தக்காரர் வீடு இருந்தது. மீதி மூன்று பேரில் நான் ஒருவன். குடியால்தான் ஒரு மனுஷன் தெருவுக்கு வருகிறான் என்று சொல்லாதீர்கள். நான் குடித்துக்கொண்டே பத்து வருஷம் வாடகை கட்டியவன். வாடகை கைக்கு எட்டாமல் போன மாதம்தான் தெருவுக்கு வந்தேன்.

அஞ்சடியில் படுப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. வெளிச்சம் விழும் இடத்தில் படுக்க வேண்டும். இருட்டில் தூக்கம் நன்றாக வரும், ஆனால் பையும் போய்விடும். கடை திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் எழுந்து, படுத்த இடத்தைக் கூட்டிவிட வேண்டும். அப்படிக் கூட்டி வைத்தால் முதல் வாரம் கடைக்காரர் பார்க்காதது போல இருப்பார், ஒரு மாதத்தில் கோப்பி கொடுப்பார். அடையாள அட்டையைப் பையில் வைக்காதீர்கள், உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். 2011இல் போதையில் தூங்கும்போது என் பையை யாரோ எடுத்துப் போனார்கள், ஐசியும் அதோடு போனது. அதற்குப் பிறகு நாலு வருஷம் காகிதத்தில் நான் இல்லாத ஆள்.

சாப்பாட்டுக்கு ஜார்ஜ்டவுனில் அவ்வளவு கஷ்டம் இல்லை. பிரிக் கில்ன் ரோட்டு குருத்வாராவில் யாரும் யாரென்று கேட்காமல் உட்கார வைத்துச் சப்பாத்தி போடுவார்கள். கோயில்களில் அன்னதானம் உண்டு. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். கஷ்டம் எல்லாம் குளிப்பதிலும் கழிவறையிலும்தான். சாப்பாடு கொண்டு வரும் பிள்ளைகள் ஒரு சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டு வந்தால் அதன் அருமை வாங்குகிறவனுக்குத் தெரியும்.

வாசிக்க முதலில் லெபோ பாசாரில் உட்கார்ந்தேன். தப்பான இடம். இரண்டு பக்கமும் கடைகளின் ஒலிபெருக்கியில் பாட்டு அலறும். அதற்கு நடுவில் ஆர்மோனியம் தொண்டை கட்டியவன் பேசுவது போல இருக்கும். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கடைகள் இருக்கும் அஞ்சடிக்கு மாறினேன். அங்கே ஆட்கள் பூ கட்டி முடிக்கும் வரை நிற்பார்கள். நிற்கிறவர்கள்தான் கேட்பார்கள், நடக்கிறவர்கள் கேட்பதில்லை. தெருவில் வாசிக்க நினைக்கும் தம்பிகள் கூட்டம் ஓடும் இடத்தை விட்டுவிட்டு, கூட்டம் காத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். 2012இல் ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் சுவரோவியங்கள் வந்த பிறகு சாயங்காலம் அங்கேயும் போவேன். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாட்டு தெரியாது, ஆனால் துருத்தி மூச்சு வாங்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். உட்காரும் முன்னால் பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாநகர் மன்றத்தில் உரிமம் எடுக்க முடிந்தவர்கள் எடுத்துவிடுங்கள், வாசிக்கும்போது பாதிக் கவனம் ரோட்டில் இருக்காது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினால் அந்த அடியோடு துருத்தியை மூடி கையை மடியில் வைத்துக்கொள்வேன். பல்லவி முடியட்டும் என்று இழுத்ததில்லை. அந்த ஒன்றினாலேயே அந்தத் தெருவில் எனக்கு மரியாதை இருந்தது.

கடல் காற்றில் ஆர்மோனியத்தைக் காப்பாற்றுவது பெரிய வேலை. மரம் ஊதி, கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். உள்ளே ரீடின் பித்தளை நாக்கில் பச்சைக் களிம்பு ஏறும். மேல் பலகையைக் கழற்றி, நாக்கை நகத்தால் ஒரு மயிரிழை தூக்கி, அதன் அடியில் தீப்பெட்டி அட்டையைச் சீவி நுழைத்து ஒரே ஒரு தடவை இழுக்க வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் சுருதி மாறிவிடலாம். போதை கைக்கு இதைச் செய்ய வராது. போதை இல்லாவிட்டால் என் கை நடுங்கும், அப்போதும் வராது. காலையில் ஒரு மூடி குடித்து, நடுக்கம் அடங்கி, போதை ஏறாமல் இருக்கும் அந்த இருபது நிமிஷத்தில் ரீடு சுத்தம் செய்வேன். என் நாளில் நான் மனுஷனாக இருந்தது அந்த இருபது நிமிஷம்.

செம்பி 2013இல் வந்தது. மழை விட்ட ஒரு காலை, சௌராஸ்தா பாசார் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தது. மூன்று நாலு மாசக் குட்டி, செங்கல் நிறம். குட்டியாக இருந்தபோது கட்டிய நைலான் கயிறு அப்படியே இருக்க, கழுத்து வளர்ந்து, கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. துருத்தித் தோலைச் சீவும் பிளேடு என்னிடம் இருந்தது. பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சீன அம்மா ஒருவர் வந்து குட்டியின் வாயைப் பிடித்துக்கொண்டார். கயிறு வெளியே வந்தபோது அது கத்தவில்லை. என் சட்டைக் கையில் மூக்கை வைத்துக்கொண்டு மூச்சு விட்டது. அந்தத் தழும்பில் கடைசி வரை முடி முளைக்கவில்லை.

வாசிக்கும்போது செம்பி ஆர்மோனியத்தின் பின்பக்கம், துருத்திக் காற்று படும் இடத்தில் படுக்கும். மேல் நிஷாதத்தில் ஒரு ரீடு கொஞ்சம் அதிரும். விரல் அங்கே போகும் ஒவ்வொரு தடவையும் வலது காது மட்டும் நிமிரும். பாட்டு கேட்கிறவர்கள் அதைக் கவனித்துவிட்டு மறுபடி மறுபடி கேட்க நிற்பார்கள். வரும்படி கூடியது உண்மை. முன்பு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) பார்ப்பதே பெரிசு, செம்பி வந்த பிறகு இருபத்தைந்தும் வந்தது. நாயைக் காட்டிப் பிச்சை எடுக்கிறான் என்று என் காதுபடச் சொன்னவர்களும் உண்டு. அந்தச் சொல் எனக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது.

நாயோடு தெருவில் இருப்பவர்களுக்கு ஒன்று. நம் ஊரில் முஸ்லிம்களுக்கு நாயின் ஈர மூக்கு பட்டால் கழுவிச் சுத்தம் செய்யும் கடமை இருக்கிறது. அஞ்சடி ஒடுக்கமான வழி. நாயைச் சுவர்ப்பக்கம், குறுகிய கயிற்றில், தனிப் பாய் போட்டு வையுங்கள். வழியை அவர்களுக்கு விடுங்கள். நான் அப்படி வைத்திருந்ததைப் பார்த்து, தொழுகைக்குப் போகும் ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், தினமும் இரண்டு அடி தள்ளி நின்று காசைத் துணியில் போட்டுவிட்டு, "அஞ்சிங் சுடா மக்கான்?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாய் சாப்பிட்டுவிட்டதா என்றுதான் கேட்பார், என்னைக் கேட்கமாட்டார். எனக்கு அது சந்தோஷமாக இருக்கும்.

இப்போது சம்சு, அந்த மலிவுச் சாராயம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விலை குறைவு, ஏறுவது வேகம். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரிசும் எத்தனையோ வருஷம் இதை எதிர்த்துப் பேசினார்கள். நான் அந்தத் துண்டுப் பிரசுரங்களை வாங்கி, படித்து, அதன் மேலேயே போத்தலை வைத்தவன். ஒரு கட்டத்துக்கு மேல் அது சந்தோஷத்துக்குக் குடிப்பதல்ல, கை நிற்பதற்குக் குடிப்பது.

2014இல் ஒரு நாள், இனி இல்லை என்று நானே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். எல்லாரும் அதைத்தான் செய்யச் சொல்வார்கள்: மனசை உறுதி பண்ணு, நாளையிலிருந்து தொடாதே. இந்த யோசனையில் ஆள் செத்துப்போகும். நிறுத்திய மறுநாள் மத்தியானம் பூக்கடை முன்னால் எனக்கு வலிப்பு வந்தது. காக்கை வலிப்பு என்று நினைத்து யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். சாவி எதையும் நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையில் இடி படாமல் ஏதாவது மெத்தென்று வைத்து, வாயில் எதையும் விடாமல், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். செம்பி என் நெஞ்சின் மேல் நான்கு காலையும் வைத்து நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லையாம். ஆம்புலன்ஸ்காரர்களே தயங்கி நின்றிருக்கிறார்கள். பூக்கடை அக்காதான் கையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து, "அடி செம்பி, வாடி, அவன விடு" என்று சொல்லித் தூக்கியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நாய் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரிய வேண்டும்? அக்கா எடுத்தார் என்பது எனக்கும் தெரியாது. உன் உயிரைப் பார், நாயைப் பற்றி என்ன கேள்வி என்று ஒருவர் அதட்டினார். மறுநாள், சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தே குயின் ஸ்ட்ரீட்டுக்கு வந்தேன். செம்பி பூக்கூடைக்குப் பின்னால் ஈரச் சாக்கில் படுத்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி குடித்தேன். அந்தச் சிகிச்சையை முடிக்காமல் வந்ததற்கு நான் என்னையே திட்டிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. யாராவது ஒருவர், "உன் நாய் பூக்கடையில இருக்கு, சாப்பிட்டுச்சு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் படுத்திருப்பேன்.

2015இல் வடக்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும். பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. எதிர்ப்பும் வந்தது, ஆனால் அதற்குள் எங்கள் தெருவில் குரைப்புச் சத்தம் குறைந்துவிட்டது. பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்த நோய் அறிகுறி காட்டிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. நாய் கடித்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள்.

ஏழு இரவு செம்பியை அக்காவின் சாமான் அறையில் ஒளித்து வைத்தேன். எட்டாம் நாள் அக்கா சொன்னார்: "ஒளிச்சு வச்சு எத்தன நாளு? ஊசி போட்டு லைசென்ஸ் எடு தம்பி. கழுத்துல வில்ல இருந்தா யாரு கை வைப்பா?" ஊசி போட்டாகிவிட்டது. லைசென்ஸுக்குப் போனால் முகப்பில் இருந்தவர் கேட்டது இரண்டே கேள்வி. ஐசி? அலாமாட்? என்னிடம் அடையாள அட்டையும் இல்லை, முகவரியும் இல்லை.

முகவரியைப் பழைய சாமான் கடை தவ்கே, அதாவது முதலாளி, கொடுத்தார். அவர் கடை அஞ்சடியைத்தான் நான் மூன்று வருஷமாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கடிதத்தில் கடை முத்திரையைக் குத்தி, இந்த ஆள் எனக்குத் தெரிந்தவர், கடிதம் வந்தால் என் கடைக்கு வரட்டும் என்று எழுதினார். ஐசிக்குப் போலீஸ் புகார் எழுதி, பதிவு இலாகாவுக்குப் போனேன். அபராதத்தோடு நூறு வெள்ளிக்கு மேல் ஆனது, அஞ்சு நாள் வாசித்த காசு. நாலு வருஷம் கழித்து, ஐசிக்கு அடுத்து என் பேரில் வந்த முதல் காகிதம் செம்பியின் லைசென்ஸ். ஐசி கைக்கு வந்த பிறகுதான் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்க முடிந்தது, சமூக நல இலாகாவில் மனு கொடுக்க முடிந்தது. தெருவில் இருக்கும் ஒருவருக்கு நீங்கள் ஒரே ஒரு உதவிதான் செய்ய முடியும் என்றால் அவரோடு ஒரு நாள் பதிவு இலாகாவுக்குப் போங்கள். வரிசையில் கூட நில்லுங்கள். தனியாக இருந்தால் முகப்புக்கு வரும் முன்னால் நாங்கள் திரும்பி வந்துவிடுவோம்.

அந்த வருஷக் கடைசியில் செம்பிக்கு உண்ணிக் காய்ச்சல். சாப்பிடவில்லை, ஈறு வெளுத்து, ஒரு காலை மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. இந்த மூன்றையும் பார்த்தால் அன்றே காட்டுங்கள், தள்ளிப்போட்டால் பிழைக்காமல் போகலாம். மாத்திரை 28 நாளைக்கு, காலையும் மாலையும், வெறும் வயிற்றில் கூடாது. கால்நடை டாக்டர் என் மேல் வந்த வாடையை உணர்ந்திருப்பார். அட்டையில் 28 கட்டம் போட்டுக் கொடுத்து, கொடுத்ததும் அடிக்கச் சொன்னார். காலை ஏழு மணிக்கு நான் நிற்கிற நிலையில் இருக்க வேண்டும் என்பதால் இரவுக் குடியைக் குறைத்தேன். நிறுத்தவில்லை, குறைத்தேன். ஒரு கட்டம்கூட விடவில்லை. 28ஆம் நாள் அந்த அட்டையைக் கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். செம்பி அவர் மேசைக் காலை மோந்துகொண்டு நின்றது.

அதன் பிறகு அரசாங்கக் கிளினிக்கில் போய், குடியை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். அங்கே இருந்த டாக்டர் எனக்கு விளங்கச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தினமும் குடிக்கிற உடம்பில் திடீரென்று நிறுத்தினால் ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் இல்லாத உருவங்கள் தெரிந்து, உடம்பு கொதித்து, உயிரே போகலாம். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு மறுதடவை இன்னும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் படுத்தால் நரம்பை அடக்கும் மருந்து கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், மூளையைக் காக்க பி1 வைட்டமினும் ஏற்றுவார்கள். ஹெரோயின் பழக்கம் வேறு வழி. அதற்கு 2005லிருந்து அரசாங்கத்தில் மெத்தடோன் இருக்கிறது, தாதி முன்னால் நின்று குடிக்கும் திரவ மருந்து. எங்கள் அஞ்சடியில் ஒருவர் அதில் நிலைத்து நின்று வேலைக்கும் போனார். இரண்டுக்கும் ஆள் ஆளாக வைராக்கியம் போதிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

எப்போது வருகிறாய் என்று டாக்டர் கேட்டார். தைப்பூசம் முடிந்து என்றேன். அக்காவுக்கு அது வரை மாலை கட்டிக் கை ஒழியாது, செம்பியைப் பார்க்க முடியாது. 2016 ஜனவரி 24 பூசம். ரதம் திரும்பி வந்து, தெருவில் உடைத்த தேங்காய்ச் சில்லெல்லாம் கூட்டி அள்ளிய பிறகு, ஒரு காகிதத்தில் எழுதினேன்: காலையில் சோறும் கோழி ஈரலும், எலும்பு கூடாது, வெங்காயம் கூடாது, பட்டாசு வெடித்தால் நாற்காலிக்கு அடியில் விடுங்கள், இடது பக்கம்தான் நடக்கும். அக்கா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். "திரும்பக் கொடுப்பீங்கல்லக்கா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் தெருவில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவனுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "நீ வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் இது உன் நாய்தான். எனக்கு எதுக்கு, பூவ மிதிக்குது" என்றார்.

ஆஸ்பத்திரியில் படுத்த மூன்றாம் நாள் இரவு கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நாய்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் செம்பியின் முகம். நான் எழுந்து போகப் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொன்றின் கழுத்தாகப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தழும்பு இல்லை. இவை இல்லாத நாய்கள் என்று தெரிந்து மறுபடி படுத்துக்கொண்டேன். மறுநாள் பார்வை நேரத்தில் அக்கா வந்து, மகனுடைய கைப்பேசியில் செம்பி படம் காட்டினார். தழும்பைப் பார்த்த பிறகுதான் வாயில் கஞ்சி இறங்கியது.

வெளியே வந்ததும் தவ்கே கடையின் பின்னறையைக் கொடுத்தார், மாதம் 150 வெள்ளி. மலிவு வீடமைப்பு அடுக்குமாடியில் நாய் வைக்க விடமாட்டார்கள் என்பதால் எனக்கு அந்தப் பின்னறை மாளிகை. 2017 தீபாவளிக்கு ஒரு தடவை சறுக்கினேன், இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் செம்பியின் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு நானே கிளினிக்குக்கு நடந்தேன். சறுக்கியவரை விரட்டாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்தபோது, அந்தச் செய்தித்தாளைச் செம்பிக்கு விரித்துப் போட மனசு வரவில்லை. அந்தப் பெயர்களில் நானும் இருந்திருக்க வேண்டியவன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து தெரு வெறிச்சோடியபோது வாசிக்க இடமில்லை, அக்காவுக்குப் பூ இல்லை. என் சேமிப்பில் பாதியை அவரிடம் கொடுத்தேன். வாங்க மறுத்தார். நாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

செம்பி 2024இல் போனது, சிறுநீரகக் கோளாறு. பாலேக் புலாவில் அக்காவின் தம்பி வேலை செய்யும் டுரியான் தோப்பில் புதைத்தோம். அதைப் பற்றி இன்னும் எழுத வரவில்லை.

இரவில் சாப்பாடு கொண்டு போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வேனிலிருந்து இறங்கியதும் நாயின் பேரைக் கேளுங்கள். ஆளின் பேரை அதற்குப் பிறகு கேட்கலாம், அவராகவே சொல்லுவார். ஒரு கிண்ணம் கையில் வைத்திருங்கள். தங்குமிடத்தில் நாய் கூடாது என்றால், அந்தச் சேதியோடு மட்டும் வராதீர்கள். நாயை வைத்துக்கொள்ள ஒரு வீட்டைப் பேசிவிட்டு வாருங்கள். எத்தனை நாள், யார் வீடு, எந்த நம்பர் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தினமும் ஒரு படம் அனுப்புங்கள். அந்தப் படம் முகம் மட்டும் தெரிகிற மாதிரி இருக்கக் கூடாது, முழு உடம்பும் தெரிய வேண்டும்.

பட்டர்வொர்த் பக்கத்துத் தம்பி ஒருவன், கித்தார் வாசிப்பான், போன வாரம் இந்த மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்குப் போனான். அவன் நாய் கறுப்பு, வால் மட்டும் வெள்ளை. இப்போது என் அறையில், ஆர்மோனியத்துக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருக்கிறது. திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்றான். இன்றைக்குப் புதன். நாய் மூன்று நாளாகக் கதவைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறது. நாளைக்குப் பார்வை நேரத்துக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அது வரைக்கும் நாயை அக்காவிடம் விடுவதாகப் பேசியிருக்கிறேன், பூக்கூடைக்குப் பின்னால் சாக்கை விரித்து வைக்கிறேன் என்றார்.